பன்னிரண்டணா விளைச்சல்

அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

நடு நாற்காலியில் சேர்மன் துரை. அவருக்கு வலது பக்கம் பட்டாளத்துத் துரை. சாக்கு வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறு பேசி நான் கேட்டதில்லை. இடது பக்கம் சணல் மில் துரை, கார்டன் ரீச்சிலிருந்து குதிரை வண்டியில் வருவார். எதிரே விவசாய இலாகா பாபு, சீமைக்குப் போய்ப் படித்து வந்த வங்காளி. ஜன்னலோரம் சின்ன மேஜையில் எங்கள் ஹெட் கிளார்க். கதவுக்கு வெளியே தரையில், கூரையில் தொங்கும் துணி விசிறியைக் கயிற்றால் ஆட்டும் பங்கா இழுப்பவர். பீரோ பக்கத்தில் நான், நின்றபடி.

ஏழு பேர். அதில் வயலில் இறங்கியவர்கள் இரண்டு பேர். பங்கா இழுப்பவர் ஒருவர். நான் ஒருவன். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

நான் அந்த ஆபீசில் தப்தரி. காகிதத்துக்குக் கோடு போடுவது, பைலைத் தைப்பது, கோந்து காய்ச்சுவது, வந்த சீட்டைப் பிரித்துக் கட்டி அடுக்குவது. மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். இங்கிலீஷ் எண்ணும் வங்காளி எண்ணும் வாசிப்பேன். அந்தப் பாஷைகளின் எழுத்து அவ்வளவாக வராது. துரைமார் பேசுவதில் பாதி புரியும். மீதியை ஹெட் கிளார்க் வீட்டுக்குப் போகும் வழியில் சொல்வார்.

அவரை ஆபீசில் எல்லோரும் படாபாபு என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கர்ணம் வீட்டுப் பிள்ளை. நானும் அந்தப் பக்கத்தவன்தான். குத்தகை நிலம் கையை விட்டுப் போன பிறகு கல்கத்தாவுக்கு என்னை வரவழைத்து வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். அதற்காக ஒரு நாளும் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

சீமையில் சண்டை தொடங்கி மூன்றாம் வருஷம். குழி தோண்டி, அதன் விளிம்பில் மண் மூட்டை அடுக்கிச் சண்டை போடுகிறார்களாம். மூட்டைக்குச் சாக்கு. சாக்குக்குச் சணல். சணலுக்கு வங்காளத்து நிலம். அதே நிலத்தில்தான் நெல்லும். பர்மா அரிசி கொண்டுவந்த கப்பல்களில் பாதி சண்டைக்குப் போய்விட்டன. அதனால் சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. சண்டை முடிகிற வரைக்கும், முடிந்த பிறகு இருபது வருஷத்துக்கும், எந்த ஜில்லாவில் எதைப் பயிர் வைப்பது, எங்கே விதைப் பண்ணை, எங்கே வாய்க்கால் என்று எழுதித் தர வேண்டும்.

சட்டம் ஒன்றுதான். எந்த ஜில்லாவில் நெல் முழுசாக விளைகிறதோ அங்கே தாழ்ந்த நிலத்தைச் சணலுக்கு விடலாம். முழுசாக விளையாத ஜில்லாவில் நெல் நிலத்தைத் தொடக்கூடாது. எது முழுசு, எது குறை என்று சொல்ல ஓர் அட்டவணை வேண்டும். அது படாபாபுவின் வேலை.

இதைச் சரியாக முடித்தால் சூப்பரிண்டெண்ட் வேலை அவருக்கு என்று சேர்மன் துரையே சொல்லியிருந்தார். அந்த நாற்காலியில் மதராஸ்காரர் யாரும் அதுவரை உட்கார்ந்ததில்லை. பவானிப்பூரில் இருந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் செய்தி போய்விட்டது. படாபாபு வாயைத் திறக்கவில்லை. அவர் வீட்டு மாமி திறந்திருந்தார்.

விளைச்சல் கணக்கு எப்படி வரும் என்று சொல்ல வேண்டும். கிராமத்துக் காவல்காரரான சௌக்கிதார் வயலைப் பார்ப்பார். அளக்க மாட்டார், பார்ப்பார். இந்த வருஷம் இத்தனை அணா விளைச்சல் என்று தாணாவில், அதாவது போலீஸ் ஸ்டேஷனில், போய்ச் சொல்வார். அணா என்றால் இங்கே காசு கிடையாது. முழு விளைச்சலில் எத்தனை பங்கு என்பதற்கு அது ஒரு பேச்சு. தாணாக்காரர் ஒரு சீட்டில் எழுதுவார். அந்தச் சீட்டு ஜில்லா ஆபீஸ் போய் எங்களிடம் வரும். நான் கட்டி வைப்பேன். படாபாபு அதை எடுத்து நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி எழுதுவார். துரைமாருக்கு அணாக் கணக்குப் பிடிக்காது.

எங்கள் ஊரில் கர்ணம் பன்னிரண்டணா என்று எழுதினால் முழு விளைச்சல். படாபாபுவும் பன்னிரண்டணாவுக்கு நூறு என்று வைத்துக் கணக்குப் போட்டார். நான் கோடு போட்டுக் கொடுத்தேன். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அட்டவணையைப் படித்தார்கள். அநேக ஜில்லாவில் நூறு. சில இடத்தில் நூற்றுப் பதினேழு. இரண்டு ஜில்லாவில் சில வருஷம் நூற்று முப்பத்து மூன்று.

"இவ்வளவு செழிப்பா?" என்றார் சேர்மன் துரை.

"நான்தான் சொன்னேனே" என்றார் மில் துரை.

விவசாய இலாகா பாபு மட்டும் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நூற்று முப்பத்து மூன்றா? இது எங்கிருந்து வந்தது, படாபாபு?"

"தாணாச் சீட்டிலிருந்து, சார்."

"சௌக்கிதார் கணக்கா? அவர் வயலைப் பார்த்திருக்கமாட்டார், மாமனார் வீட்டு விருந்தைப் பார்த்திருப்பார்."

எல்லோரும் சிரித்தார்கள். படாபாபுவும் சிரித்தார். அதோடு போயிற்று. திங்கட்கிழமை கையெழுத்து என்று முடிவானது.

சனிக்கிழமை மத்தியானம் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்தில் பங்கா இழுப்பவர். என்னைவிட மூத்தவர், கிழக்கே ஆற்றோர ஜில்லாக்காரர். நான் அவரைச் சாச்சா என்பேன். அவர் என்னை மத்ராஜி என்பார். எங்கள் பேச்சு பாதி ஹிந்துஸ்தானி, பாதி வங்காளி. இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் துண்டில் பொரி வைத்துப் பச்சை மிளகாயைக் கடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள என்ன மத்ராஜி, அவ்வளவு சிரிப்பு? பங்காக் கயிறே ஆடிப் போச்சு."

"உங்க ஜில்லாவைப் பத்தித்தான் சாச்சா. நெல்லு முழுசா விளைஞ்சிருக்காம். தாழ்ந்த நிலத்தைச் சணலுக்கு விடப் போறாங்க."

"முழுசாவா? எந்தப் புண்ணியவான் சொன்னது?"

"சீட்டு சொல்லுது. போன வருஷம் பன்னிரண்டணா."

"ஆமா, பன்னிரண்டுதான். அதனாலதான் நான் இங்க உக்காந்து கயிறு இழுக்கறேன்."

எனக்குப் புரியவில்லை. "பன்னிரண்டு வந்துமா ஊரை விட்டு வந்தீங்க?"

"மிச்சம் நாலு வரலையே. பங்குனி வரைக்கும் ரெண்டு வேளை. அப்புறம் ஒரு வேளை. அப்புறம் ரயில்."

"சாச்சா, உங்க ஊர்ல முழு விளைச்சல்னா எத்தனை அணா?"

அவர் பொரியை மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ரூபாய்க்கு எத்தனை அணா? மத்ராஜ்ல பன்னிரண்டுதானா? அப்ப நான் அங்க வந்து கடை வைக்கறேன்."

தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். பொரி சட்டையெல்லாம் சிந்தியது. நான் கையைக் கழுவிக்கொண்டு மேலே போனேன்.

சீட்டுக் கட்டுகளைப் பிரித்தேன். ஐந்து வருஷத்துச் சீட்டு. எனக்கு வாக்கியம் வேண்டாம், எண் போதும். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எட்டு இருந்தது. பத்து இருந்தது. பன்னிரண்டு நிறைய இருந்தது. பதினான்கு இருந்தது. பதினாறு சில இருந்தன. பதினாறுக்கு மேல் ஒன்று கூட இல்லை. ஐந்து வருஷத்தில் இத்தனை தாணாவில் ஒருவர் கூடப் பதினேழு எழுதவில்லை.

கட்டைத் திரும்பக் கட்டி வைத்தேன். அன்று படாபாபுவோடு வீட்டுக்கு நடந்து போனபோது ஒன்றும் சொல்லவில்லை. சூப்பரிண்டெண்ட் அறை ஜன்னல் மேற்கே பார்த்தது, சாயங்காலம் வெயில் வரும், தட்டி போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இரவு யோசித்தேன் என்று எழுத அதிகமில்லை. சொன்னால் அவருக்கு அந்த வேலை போகும். சொல்லாவிட்டால் சாச்சா ஊரில் நெல் வயலில் சணல் நிற்கும். தூங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பவானிப்பூருக்கு, படாபாபு வீட்டுக்குப் போனேன். எப்போதும் போல முற்றத்துக் குழாயடியில் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார்.

"என்னடா, ஞாயித்துக்கிழமையும் கோந்து ஒட்ட வந்துட்டியா?"

"சாமி, ஒண்ணு சொல்லணும். அட்டவணையில நூறுன்னு போட்டது நூறு இல்ல போலிருக்கு."

"என்னது?"

"இங்க முழு விளைச்சல் பதினாறணாவாம். பன்னிரண்டு இல்லியாம்."

"எவன் சொன்னான்?"

"பங்கா சாச்சா."

சிரித்தார். "எங்கப்பா கர்ணம்டா. பன்னிரண்டணான்னா பூரா மகசூல். பொறந்ததுலேர்ந்து கேட்டுண்டு வரேன். நீயும் பயிர் வெச்சவன்தானே?"

"நானும் அப்படித்தான் கேட்டிருக்கேன் சாமி. இது நம்ம ஊரு இல்லியே."

"பங்கா இழுக்கறவன் பேச்சைக் கேட்டுண்டு கமிட்டி ரிப்போர்ட்டை மாத்தச் சொல்றியா?"

"அவர் சொன்னதோட விடல. அஞ்சு வருஷச் சீட்டும் பாத்தேன். பதினாறுக்கு மேல ஒண்ணு கூட இல்ல."

கண்ணாடி துடைக்கிற கை நின்றது.

"பதினேழு கூடவா இல்ல?"

"இல்ல சாமி."

"பதினெட்டு?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழாயைப் பார்த்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. போய் இறுக்கி மூடினார்.

"அதான் அந்த நூத்து முப்பத்து மூணு" என்றார். "வங்காளத்துல பொன்னு விளையறதுன்னு நெனச்சேண்டா."

"ஆமா சாமி."

"நாளைக்குக் கையெழுத்து."

"ஆமா சாமி."

"சொல்லலேன்னா யாருக்கும் தெரியாது."

"தெரியாது."

"உனக்குத் தெரியும்."

"நான் தப்தரி சாமி. கோடு போடறவன்."

உள்ளேயிருந்து மாமி குரல் வந்தது. "என்ன, ரெண்டு பேரும் சத்தத்தையே காணும்? அவனுக்கு மோர் வேணுமான்னு கேளுங்கோ."

"வேண்டாம். என் சட்டையை எடு. ஆபீஸ் போகணும்."

"ஞாயித்துக்கிழமையா? சூப்பரிண்டெண்ட் ஆறதுக்கு முன்னாடியேவா?"

"கணக்குல தப்பு."

"யார் பண்ணின தப்பு?"

"நான் பண்ணினது."

மாமி வெளியே வந்து என்னைப் பார்த்தார். அவரைப் பார்க்கவில்லை, என்னை. சட்டை வந்தது.

டிராமில் ஏறவில்லை. மைதானத்தின் ஓரமாக நடந்தே போனோம். வழியில் அவர் கேட்டது ஒன்றுதான், கோடு போட்ட காகிதம் மிச்சம் இருக்கிறதா என்று. இல்லை என்றேன். தர்வான் கதவைத் திறந்துவிட்டார். நான் உட்கார்ந்து கோடு போட்டேன். ஒரு தாள் முடிய முடிய அவர் எடுத்துக்கொண்டார். ஜில்லாவைப் பார்த்து நான் சீட்டை எடுத்து எண்ணைச் சொல்வேன். அவர் கணக்குப் போட்டு எழுதுவார். நூறு என்று இருந்தது எழுபத்தைந்து ஆனது. நூற்றுப் பதினேழு எண்பத்தெட்டு ஆனது. நூற்று முப்பத்து மூன்று நூறு ஆனது. அந்த இரண்டு ஜில்லாதான் முழுசு. அதுவும் சில வருஷம்.

விளக்கு வைக்கும் முன் முடிந்தது. மையை ஒற்றி எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சுருங்கிப் போச்சுடா" என்றார்.

திங்கட்கிழமை சேர்மன் துரை பேனாவைத் திறக்கும் முன் படாபாபு எழுந்து நின்றார். இங்கிலீஷில் பேசினார். மெதுவாகப் பேசியதால் எனக்கும் புரிந்தது. தன் மாகாணத்துக் கணக்கை இந்த மாகாணத்துக்குப் போட்டுவிட்டதாகவும், தப்பு முழுக்கத் தன்னுடையது என்றும், புது அட்டவணை இது என்றும் சொன்னார். நான் அதை எடுத்துப் போய் நாலு பேர் முன்னாலும் வைத்தேன்.

மில் துரை ஒரு வார்த்தை சொன்னார். அதை எழுத வேண்டியதில்லை.

பட்டாளத்துத் துரை, "இதனால் சாக்கு எவ்வளவு குறையும்?" என்று கேட்டார்.

விவசாய இலாகா பாபு தலையைக் குனிந்துகொண்டார். "பதினாறு என்று இங்கே பிறந்த எனக்குத் தெரியும். நான் சிரித்தேன்" என்றார், வங்காளியில், யாரிடமும் இல்லாமல்.

சேர்மன் துரை புது அட்டவணையைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு, "உனக்கு யார் சொன்னது?" என்றார்.

படாபாபு கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"பங்காக்காரனா? கூப்பிடு."

சாச்சா உள்ளே வந்தார். பங்கா நின்றது. வைகாசி மாதம். எல்லோருக்கும் உடனே வியர்த்தது. துரை கேட்டதை விவசாய இலாகா பாபு வங்காளியில் கேட்டார்.

"உன் ஊரில் பதினாறணா விளைந்தால் என்ன செய்வீர்கள்?"

"சாப்பிடுவோம், ஹுஜூர்."

"பன்னிரண்டணா விளைந்தால்?"

"இங்கே வருவோம்."

பாபு இங்கிலீஷில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சாச்சா தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"பங்கா நின்னுபோச்சு. போகட்டுமா ஹுஜூர்?"

போகச் சொன்னார்கள். கயிறு மறுபடி ஆடத் தொடங்கியது.

அன்று கையெழுத்து ஆகவில்லை. இன்னும் நாலு நாள் பேசினார்கள். கடைசியில், இரண்டு ஜில்லாவில் மட்டும் தாழ்ந்த நிலத்தைச் சணலுக்கு விடலாம், மற்ற இடத்தில் இருபது வருஷத்துக்கு நெல் நிலம் நெல்லுக்கே என்று எழுதினார்கள். மில் துரைக்குச் சமாதானமாகச் சணல் விதைப் பண்ணை ஒன்று கூடுதலாக வந்தது. ரிப்போர்ட் அச்சாகி வந்தபோது நான்தான் தைத்தேன். அதன்படி யார் நடந்தார்கள், யார் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. சணலுக்கு நல்ல விலை வந்தால் ஜமீன்தார் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துப் படிப்பாரா என்பதும் தெரியாது.

சாச்சா அறுப்புக்கு ஊர் போனார். மறு வருஷம் அந்த அறைக்கு மின்சார விசிறி வந்துவிட்டது. அவர் வரவில்லை.

சூப்பரிண்டெண்ட் வேலைக்கு வேறு இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். மேற்கு ஜன்னலுக்குத் தட்டி போடச் சொன்னார். போட்டேன். படாபாபு தம் பழைய மேஜையில் உட்கார்ந்தார். அவரை யாரும் தண்டிக்கவில்லை. உயர்த்தவும் இல்லை. மாமி இரண்டு வருஷம் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவார். பிறகு ஒரு நாள் மோர் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் படாபாபு என்னிடம் மறுபடி பேசியதே இல்லை.

ஒரு பழக்கம் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு அவர் எந்த அட்டவணை போட்டாலும் உச்சியில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதுவார். முழு விளைச்சல் பதினாறணா என்று. நெல் கணக்குக்கு எழுதினார். சரி. மழைக் கணக்குக்கும் எழுதினார். மாட்டுக் கணக்குக்கும் எழுதினார்.

புதிதாக வந்த பாபுமார் சீண்டுவார்கள். "படாபாபு, இந்தக் காளைக்கும் பதினாறணாவா? வால் சேர்த்தா, சேர்க்காமலா?"

"இருக்கட்டும்" என்பார். வரியை அடிக்க மாட்டார்.

ஒரு தடவை துரை ஒருவர் அதை அடித்துவிட்டு அனுப்பினார். படாபாபு தாளை என்னிடம் கொடுத்து வேறு கோடு போடச் சொன்னார். முழு அட்டவணையையும் திரும்ப எழுதினார், அந்த வரியோடு. துரை அதற்குப் பிறகு விட்டுவிட்டார்.

சண்டை முடிந்து சில வருஷம் கழித்து அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு போனார். ஹவுரா ஸ்டேஷன் வரை போனேன். மாமிதான் பேசிக்கொண்டிருந்தார். வண்டி நகரும்போது படாபாபு ஜன்னலில் தலையை நீட்டி, "பழைய கட்டெல்லாம் அவிழ்ந்து கிடக்குடா, தைச்சு வெச்சுடு" என்றார்.

மறுநாள் எடுத்து வைத்தேன். கமிட்டிக்குப் பிறகு அவர் கையால் எழுதிய அட்டவணைகள், பீரோவின் இரண்டு தட்டு நிறைய. பூச்சி அரித்ததை ஒதுக்கி, ஓரத்தை வெட்டி, துளை போட்டு ஊசி ஏற்றினேன். தைக்கிறபோது தாளை எண்ணாமல் தைக்க முடியாது. ஒவ்வொரு தாளிலும் உச்சியைப் பார்த்தேன். சிவப்பு வரி இல்லாத தாள் ஒன்றும் இல்லை.

முந்நூற்று நாற்பத்தொன்று.